ஐந்து முறை மக்கர் செய்த கார்... ஏமாற்றியது யார்?

வண்டி வைத்தியம் – வாராந்திரப் பகுதி

புதுச்சேரி மண்ணாடிப்பட்டு கொம்யூனில் இருக்கும் சுத்துக்கேணியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். கடிதம் நீளமானது. தேவையான பகுதியை மட்டும் தருகிறேன்.

“என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம். டவுனில் வேலை பார்க்கிறான். போன வருடம் பத்து வருடப் பழைய இரண்டு சீட் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினான். டவுனில் நிறுத்த இடமில்லை. அதனால் எங்கள் மாட்டுக்கொட்டகையில் ஒரு பக்கத்தைத் தடுத்து, தரை போட்டு, அங்கேதான் நிறுத்தியிருக்கிறான். சனி, ஞாயிறு வந்து எடுத்துப் போவான்.

அந்தக் கார் சில நாள் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிறது. சில நாள் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அதோடு சரி. ஒரு மணி நேரம் கழித்துப் போனால், எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். எங்கள் மெக்கானிக் அண்ணன் முதலில் பேட்டரி மாற்றினார். இரண்டு வாரம் ஓடியது. பிறகு செல்ஃப் மோட்டார் மாற்றினார். மூன்று வாரம் ஓடியது. மொத்தம் 58,000 ரூபாய். இப்போது மறுபடியும் அதே கதை.

அவர் ஏமாற்றிவிட்டார் என்று தம்பி கடைத்தெருவில் வைத்துச் சண்டை போட்டுவிட்டான். அவர் என் கணவரோடு ஒன்றாகப் படித்தவர். எங்கள் டிராக்டர், பைக் எல்லாவற்றையும் இருபது வருடமாக அவர்தான் பார்க்கிறார். இப்போது எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். அம்மாவோ, ‘ராகு காலத்தில் வண்டியை எடுத்தால் இப்படித்தான்’ என்கிறார். எங்களை ஏமாற்றுவது யார் சார்? மெக்கானிக் அண்ணனா, காரை விற்றவரா?”

சகோதரி, இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். ஒருநாள் வந்து ஒருநாள் வராத பழுதுக்கு ஒரு குணம் உண்டு. அது நல்லவர்களைக்கூடத் திருடர்கள்போலக் காட்டும். அது எப்படி என்று முதலில் பார்ப்போம்.

மாற்றிய பொருளுக்கு வரும் நல்ல பெயர்

வண்டி எப்போதுமே ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் வேலை சுலபம். ஒரு பொருளை மாற்றுகிறோம், ஸ்டார்ட் ஆகிறது, பழுது அதில்தான் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

ஆறு முறையில் ஒருமுறை மட்டும் மக்கர் செய்கிற வண்டியில் இந்தக் கணக்கு செல்லாது. நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அது அடுத்த முறை ஸ்டார்ட் ஆகத்தான் போகிறது. பேட்டரி மாற்றினாலும் ஆகும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினாலும் ஆகும். எதைக் கடைசியாகச் செய்தோமோ அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். சில நாள் கழித்துப் பழுது திரும்பி வரும்போது, செய்தவருக்குக் கெட்ட பெயர் வரும்.

எனவே இந்த வகைப் பழுதில் ‘மாற்றிப் பார்ப்போம்’ என்பது வைத்தியமே இல்லை. பழுது கண்ணெதிரே இருக்கும் நேரத்தில் அளந்து பார்க்க வேண்டும். அதற்கு, அது எப்போது வரும் என்று முதலில் தெரிய வேண்டும்.

ஒரு 40 பக்க நோட்டு

சகோதரிக்கு நான் சொன்ன முதல் மருந்து, பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்று. அதை வண்டியிலேயே வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும், ஸ்டார்ட் ஆனாலும் ஆகாவிட்டாலும், ஐந்து விஷயங்களை எழுத வேண்டும்.

1. கிழமை, நேரம்.
2. அதற்கு முன் வண்டி எவ்வளவு நேரம் ஓடியது?
3. நிறுத்தி எவ்வளவு நேரம் ஆயிற்று?
4. வெயிலா, மழையா, நிழலா?
5. ஆகவில்லை என்றால் என்ன சத்தம் வந்தது? ஹெட்லைட் வெளிச்சம் எப்படி இருந்தது?

ஸ்டார்ட் ஆன நாட்களையும் எழுதுவதுதான் இதில் முக்கியம். ஆகாத நாட்களை மட்டும் எழுதினால், எல்லாச் சந்தேகமும் உண்மைபோலவே தெரியும்.

நான்கு சனி, ஞாயிறு முடிந்து நோட்டின் படங்கள் எனக்கு வந்தன. மொத்தம் 31 முறை சாவி திருப்பப்பட்டிருக்கிறது. ஐந்து முறை மக்கர். ஐந்திலும் ‘டக்’ என்று ஒரே சத்தம். ஐந்திலும் ஹெட்லைட் பளிச்சென்று எரிந்திருக்கிறது.

அம்மா சொன்னது சரியா?

ஐந்தில் மூன்று மக்கர், ஞாயிறு மாலை 4.30 மணிக்கும் 6 மணிக்கும் இடையில். காலண்டரைப் பாருங்கள், அது ராகு காலம்தான். அம்மா சும்மா சொல்லவில்லை. கவனித்துத்தான் சொல்லியிருக்கிறார்.

நோட்டில் இன்னொன்றும் இருந்தது. சனிக்கிழமை ராகு காலம் காலை 9 முதல் 10.30 வரை. அந்த நேரத்தில் நான்கு சனிக்கிழமையும் தம்பி கொட்டகையிலிருந்து காரை எடுத்திருக்கிறார். நான்கு முறையும் உடனே ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. மீதி இரண்டு மக்கரும் சனிக்கிழமை பிற்பகலில், ராகு காலத்துக்கு வெளியே.

அப்படியானால் ஐந்துக்கும் பொதுவானது எது? ஐந்து முறையும் வண்டி அரை மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. பிறகு 10 முதல் 40 நிமிடம் நின்றிருக்கிறது. ஞாயிறு மாலை நண்பர்களோடு டீக்கடையில் நிற்பது தம்பியின் வழக்கம். டீ குடிக்கும் நேரமும் ராகு காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றும் ஒரு கதை உங்களுக்கும் வந்திருக்கும். ஒருவர் வெனிலா ஐஸ்கிரீம் வாங்கினால் மட்டும் அவருடைய கார் ஸ்டார்ட் ஆகாதாம். வேறு எந்த ஐஸ்கிரீம் வாங்கினாலும் ஆகுமாம். வெனிலா கடை வாசலிலேயே இருந்ததால் அவர் சீக்கிரம் திரும்பிவிடுவார், இன்ஜின் சூடு தணிய நேரம் இருக்காது என்பது கதையின் முடிவு. அது நடந்த கதையா, கட்டிய கதையா என்பது நமக்கு முக்கியமில்லை. ‘எந்த ஐஸ்கிரீம்?’ என்று கேட்காமல் ‘எவ்வளவு நேரம்?’ என்று கேட்கிறதே, அந்தக் கேள்வி முக்கியம்.

நிறுத்திய பிறகுதான் கொதிக்கும்

ஓடும்போது இன்ஜின் சூடாக இருக்கும், நிறுத்தியதும் ஆற ஆரம்பிக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இன்ஜினைச் சுற்றியிருக்கும் பொருட்களுக்கு அது பொருந்தாது. ஓடும்போது எதிர்க்காற்று வருகிறது, கூலன்ட் சுற்றுகிறது. நிறுத்தியதும் இரண்டும் நின்றுபோகின்றன. இன்ஜினிலும் எக்ஸாஸ்ட் குழாயிலும் உள்ள சூடு பக்கத்தில் இருக்கும் செல்ஃப் மோட்டார், வயர், ரிலே எல்லாவற்றிலும் ஏறும். முதல் அரை மணி நேரம் பானெட்டுக்குள் சூடு கூடத்தான் செய்யும். ஒரு மணி நேரம் போனால் இறங்கும்.

செம்பு வயருக்கு ஒரு குணம். சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அதன் மின்தடை சுமார் 4 சதவீதம் கூடும். 60 டிகிரி ஏறினால் ஏறக்குறைய கால் பங்கு கூடிவிடும். நல்ல வண்டி இதைத் தாங்கிக்கொள்ளும். எங்கேயாவது ஒரு இணைப்பு ஏற்கெனவே பலவீனமாக இருந்தால், காலையில் சமாளித்துவிடும். டீக்கடை வாசலில் தோற்றுவிடும்.

செல்ஃப் மோட்டார் சாதாரணப் பொருள் இல்லை. ஹெட்லைட் பல்பு ஒன்று சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். செல்ஃப் மோட்டார் 100 முதல் 200 ஆம்பியர் இழுக்கும். 1912ஆம் வருட கேடிலாக் காரில் இந்த மோட்டார் வருவதற்கு முன், கம்பியைப் போட்டுக் கையால் சுற்றித்தான் இன்ஜினை எழுப்பினார்கள். சுற்றியவரின் கை எலும்பை முறித்த வண்டிகள் உண்டு. அந்த ஆள் செய்த வேலையை இப்போது ஒரு சிறிய மோட்டார் ஓரிரு விநாடியில் செய்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு இது அந்நியமான சங்கதியும் இல்லை. 1961இல் சென்னையில் தொடங்கி, செல்ஃப் மோட்டாருக்குப் பேர்போன லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்துக்கு நெட்டப்பாக்கம் கொம்யூன் ஏரிப்பாக்கத்தில் தொழிற்சாலை இருக்கிறது.

ஹெட்லைட் எரிகிறதே, பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது?

பாதி அடைத்துக்கொண்ட போர்வெல் குழாயை நினைத்துப் பாருங்கள். குடத்தை வைத்தால் நிரம்பிவிடும். ‘தண்ணீர் வருகிறதே’ என்போம். வயலுக்குத் திறந்துவிட்டால்தான் தெரியும், மடையைத் தாண்டாது.

மின்சாரமும் அப்படித்தான். கெட்டுப்போன ஒரு இணைப்பில் வெறும் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆம்பியர் போனால் கால் வோல்ட் மட்டும் தொலையும், கண்ணுக்குத் தெரியாது. 100 ஆம்பியர் போக வேண்டும் என்றால் அங்கேயே 5 வோல்ட் தொலைந்துபோகும். 12 வோல்ட்டில் 5 போனால் செல்ஃப் எங்கே சுற்றும்?

இன்னொரு விஷயம். கரண்ட் பேட்டரியிலிருந்து போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். அது திரும்பும் பாதைதான் ‘எர்த்’. வண்டியின் பாடியே எர்த். ஆனால் இன்ஜின், பாடிமீது ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. எனவே இன்ஜினையும் பாடியையும் இணைக்க ஒரு தடித்த எர்த் வயர் போட்டிருப்பார்கள். ஹெட்லைட்டுக்கு அந்த வயர் தேவையே இல்லை, அது நேராகப் பாடி எர்த்தில் போய்விடும். செல்ஃபுக்கு அது உயிர்நாடி. ‘டக்’ சத்தம், பளிச்சென்ற ஹெட்லைட், சூட்டில் மட்டும் மக்கர் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது என் முதல் சந்தேகம் அந்த வயர்மீதுதான் போனது. போனில் அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லியிருந்தால் அதையும் மாற்றிப் பார்த்திருப்பார்கள், திரும்பவும் அதே குழப்பம் வந்திருக்கும்.

பழுதைக் கண்ணி வைத்துப் பிடிப்பது

இரண்டாவது மருந்து கொஞ்சம் கசப்பு. “மெக்கானிக் அண்ணனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். தம்பி போகாவிட்டால் உங்கள் கணவர் போகட்டும். அவரிடம் மல்டிமீட்டரும் ஜம்பர் கேபிளும் இருக்கும். அதைவிட முக்கியம், அந்தக் காரில் என்னென்ன கழற்றி மாட்டினோம் என்று அவருக்குத்தான் தெரியும்” என்றேன். வெளியூரிலிருந்து புது ஆளைக் கூப்பிட்டால் அவர் மறுபடியும் முதலிலிருந்துதான் தொடங்குவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வந்தார். தம்பியோடு பேசவில்லை. வில்லியனூர் வரை போய்த் திரும்பினார்கள். காரை வெயிலில் நிறுத்தி, பானெட்டைத் திறக்காமல் 15 நிமிடம் காத்திருந்தார்கள். ஸ்டார்ட் ஆனது. இன்னொரு சுற்றுப் போய் வந்து, மறுபடியும் காத்திருந்தார்கள். அப்போதும் ஆனது. மூன்றாவது சுற்று முடிந்து சாவியைத் திருப்பியபோது, ‘டக்’.

“யாரும் எதையும் தொடாதீர்கள், வயரை ஆட்டாதீர்கள்” என்று முன்பே சொல்லியிருந்தேன். பழுது வந்ததும் டெர்மினலைத் தட்டுவதும் வயரை அசைப்பதும்தான் எல்லாருக்கும் பழக்கம். அசைத்ததும் ஸ்டார்ட் ஆகிவிடும், பிடித்த திருடன் ஓடிவிடுவான்.

கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, தம்பி சாவியைத் திருப்பிப் பிடிக்க, மெக்கானிக் அண்ணன் மூன்று இடங்களில் அளந்தார்.

முதலில் பேட்டரியின் இரண்டு டெர்மினலுக்கும் நடுவில். 12.2 வோல்ட். செல்ஃபுக்குச் சாவி போட்டும் வோல்ட் இறங்கவில்லை. பேட்டரி நல்லது, ஆனால் கரண்டே போகவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, பேட்டரி நெகட்டிவுக்கும் பாடிக்கும் நடுவில். 0.1 வோல்ட். இதுவும் சரி. இந்தக் காரில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது, அங்கேயிருந்து பாடிக்குப் போகும் கேபிள் நன்றாக இருக்கிறது.

கடைசியாக, பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில். இரண்டும் ஒரே எர்த் என்பதால் இங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். மீட்டர் காட்டியது 7 வோல்ட்.

செல்ஃபுக்குப் போக வேண்டிய வோல்ட்டில் பாதிக்கு மேல் அந்த ஒற்றை வயரில் தொலைந்துகொண்டிருந்தது.

இதோடு விடவில்லை. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை இன்ஜினிலும் இன்னொரு முனையைப் பாடியிலும் மாட்டினார். ஸ்டார்ட் ஆனது. அணைத்துவிட்டு கேபிளைக் கழற்றினார். ‘டக்’. மறுபடி மாட்டினார். ஸ்டார்ட் ஆனது.

பழுதைப் போக்கவும் தெரிய வேண்டும், திரும்ப வரவழைக்கவும் தெரிய வேண்டும். இரண்டும் நம் கையில் வந்தால்தான் கண்டுபிடித்தோம் என்று பொருள். அதற்கு முன் சொல்வதெல்லாம் ஊகம்.

வயர் ஏன் கெட்டது?

கழற்றிப் பார்த்தபோது வயர் வெளியே நன்றாகத்தான் இருந்தது. முனையில் இருக்கும் லக்குக்குள் பச்சைக் களிம்பு. போல்ட் உட்காரும் இடத்தில் துரு. புதிய வயருக்கு ஆன செலவு சில நூறு ரூபாய்.

செல்ஃப் மாற்றியதும் மூன்று வாரம் ஓடியதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. செல்ஃபைக் கழற்றும்போது பக்கத்திலிருக்கும் அந்த வயரின் போல்ட்டையும் கழற்றித் திரும்ப முறுக்கியிருக்கிறார். துரு கொஞ்சம் உரசிப்போய், இணைப்பு கொஞ்ச நாள் பிடித்திருக்கிறது. பிறகு பழையபடி ஆகிவிட்டது. அவர் ஏமாற்றவில்லை. தெரியாமலே பாதி வைத்தியம் பார்த்திருக்கிறார். விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. அவரிடம் இருந்தபோது இந்தப் பழுது தலைகாட்டியதா என்றே நமக்குத் தெரியாது.

மெக்கானிக் அண்ணன் அளக்காமல் மாற்றியது தவறான முறைதான், சந்தேகமில்லை. அதே சமயம், “நாளைக்குள் வேண்டும்ணே” என்று அவசரப்படுத்தியது யார் என்று நான் தம்பியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். பழைய செல்ஃப் மோட்டார் இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறதாம். மேஜையில் வைத்துச் சோதித்தபோது நன்றாகச் சுற்றியதாம். அதை ஸ்பேராக வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, டீயும் குடித்துவிட்டுப் போனார் என்று சகோதரி எழுதியிருந்தார். அந்த வரிக்குப் பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி.

களிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. காருக்குப் பக்கத்தில் மாடு கட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். மாட்டு மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்தால் செம்புக்கும் பித்தளைக்கும் ஆகாது. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. லாயத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கம் கிடைத்தது. பத்து வருடக் காரின் களிம்புக்கு ஒரு வருடக் கொட்டகை மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் காரை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். யூரியா மூட்டை அடுக்கும் அறையும் வேண்டாம்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் ஏன் இந்தச் சோதனை?

முதல் காரணம், இடநெருக்கடி. பெரிய இன்ஜினைத் தாழ்வான சிறிய பானெட்டுக்குள் திணித்திருப்பார்கள். எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகிலேயே செல்ஃப் இருக்கும்.

இரண்டாவது, எடைச் சமன்பாட்டுக்காகப் பேட்டரியை இன்ஜினுக்கு எதிர்க்கோடியில் வைப்பார்கள். நீளமான கேபிள், கூடுதல் இணைப்புகள்.

மூன்றாவது, அடிக்கடி ஓடாது. அலாரம், ரிமோட் லாக் போன்றவை நிற்கும்போதும் பேட்டரியைக் கொஞ்சம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை சாதாரணம். அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். 45 ஆம்பியர் அவர் பேட்டரி 19 நாளில் பாதியாகிவிடும். பழைய பேட்டரி என்றால் இன்னும் சீக்கிரம். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. எனவே தம்பியின் பேட்டரியையும் ஒருமுறை முழுதாகச் சார்ஜ் போட்டு வைக்கச் சொன்னேன்.

நான்காவது, கிராமத்துக்கே உரிய விருந்தாளி: எலி. வயல் அறுவடை முடிந்தால், சூடான பானெட்டுக்குள் குடிவந்து வயரைக் கடிக்கும்.

செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லையா?

அது வேறு வீட்டுக் கதை. பேட்டரி, செல்ஃப், எர்த் எல்லாம் நன்றாக இருக்கிறது, பெட்ரோலோ ஸ்பார்க்கோ வரவில்லை என்று அர்த்தம்.

இதில் உலகப் புகழ்பெற்ற உதாரணம், 1982 முதல் 1991 வரை வந்த போர்ஷே 944. அந்தக் காரில் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் கரண்ட் தருவது ஒரே ஒரு சிறிய ரிலே பெட்டி. சூடாகி, ஆறி, சூடாகி, வருடக்கணக்கில் ஓடியதில் அதற்குள் இருக்கும் ஈயப் பற்றுகளில் தலைமுடி அளவு விரிசல் விடும். சூட்டில் விரிசல் விலகும், கார் எழுந்திருக்காது. ஆறியதும் ஒட்டிக்கொள்ளும், கார் புறப்பட்டுவிடும். இன்ஜினைப் பிரித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அனுபவசாலிகள் டாஷ்போர்டில் ஒரு ரிலேயை ஸ்பேராகப் போட்டு வைப்பார்கள். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் துள்ளுகிறதா என்றும் பார்ப்பார்கள். துள்ளாவிட்டால், இன்ஜின் சுற்றுகிறது என்ற செய்தியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் பக்கம் சந்தேகம் போகும்.

அங்கேயும் பாடம் ஒன்றுதான். விலை உயர்ந்த காரின் பெரிய பிடிவாதம், பல நேரம் சிறிய இணைப்பு ஒன்றில்தான் ஒளிந்திருக்கிறது.

உங்கள் வண்டிக்கும் இது உதவும்

ஸ்போர்ட்ஸ் கார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பழைய மாருதிக்கும் இதே விதிதான். வண்டி எடுக்காதபோது பதறாமல் காதைக் கொடுங்கள்.

‘டக் டக் டக்’ என்று வேகமாக அடித்து, லைட்டும் மங்கினால்: பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ்.

‘டக்’ என்று ஒரே சத்தம், லைட் பளிச்: செல்ஃப், அதன் கேபிள், எர்த் வயர். மூன்றில் ஒன்று.

சத்தமே இல்லை, லைட் எரிகிறது: செல்ஃபுக்கு உத்தரவே போகவில்லை. சாவி சுவிட்ச், ரிலே, கிளட்ச் சுவிட்ச், இம்மொபிலைசர் பக்கம் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் ஆட்டோமேட்டிக் என்றால், பிரேக் மிதிக்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் பட்டன் வேலை செய்யாமல் போகலாம். ரிமோட் சாவியின் பேட்டரி தீர்ந்திருந்தால், பல கார்களில் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் எடுக்கும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை: பெட்ரோல் அல்லது ஸ்பார்க்.

இதை எழுதி வைத்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். “எடுக்கலைண்ணே” என்று மட்டும் சொன்னால் அவர் ஊகிக்க வேண்டியிருக்கும். அவருடைய ஊகத்துக்கு உங்கள் பணம்தான் செலவு.

சில எச்சரிக்கைகள். செல்ஃபைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவில் ஓய்வு கொடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் செல்ஃப் மோட்டாரை ஷார்ட் செய்து ஸ்டார்ட் செய்யும் பழைய வித்தை வேண்டாம், கியரில் இருந்தால் வண்டி ஆள்மீது ஏறிவிடும். பேட்டரி அருகே வேலை செய்யும்போது மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். மஞ்சள் நிற கனெக்டர் உள்ள வயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை, அங்கே டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது.

ராத்திரி நேரத்தில் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால், சுத்துக்கேணியிலிருந்து கோரிமேடு ஜிப்மர் வரை போக வேண்டும். அந்த நேரத்தில் நிற்கிற வண்டி எதுவாக இருந்தாலும், அது எழுந்திருக்கும் என்ற நம்பிக்கைதான் அதன் மதிப்பு. பத்தில் ஒருமுறைதானே மக்கர் செய்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே வண்டிக்குள் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். 58,000 ரூபாய் கண்டுபிடிக்காததை, அந்த நோட்டுதான் கண்டுபிடித்தது.

*அடுத்த வாரம்: மழைநீரில் நின்ற வண்டியை ஏன் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது?*